ஜெர்மன் மூதாதையரைத் தேடுதல்: ஊர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது

குடும்ப வரலாறு தேடுபவர்கள் மத்தியில் ஜெர்மனி பற்றி நான்கு பேச்சுகள் ஓயாமல் அடிபடுகின்றன. குடும்பப்பெயரை இணையத்தில் தட்டினால் வம்சாவளி வந்து விழும் என்பது ஒன்று. மரபணுப் பரிசோதனை செய்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. அமெரிக்கத் துறைமுகத்தில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டதால் பழைய பெயரைக் கண்டுபிடிக்க வழியில்லை, போரில் பதிவுகள் எல்லாம் எரிந்துபோயின என்பவை மற்ற இரண்டு. நான்குமே தவறு; சிலவற்றில் கால்வாசி உண்மை இருக்கலாம். இவற்றை நம்பித்தான் ஒருவர் வேறு யாருடைய பாட்டனையோ தன் பாட்டன் என்று எழுதிவைக்கிறார், இன்னொருவர் தேடாமலே விட்டுவிடுகிறார்.

தமிழ் வாசகருக்கு இது தொலைவான விஷயமும் இல்லை. இலங்கையின் பறங்கியர் குடும்பங்கள் பலவற்றின் முதல் மூதாதை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்து கப்பலேறிய ஜெர்மானியர். ஜெர்மனியில் வேரூன்றிய ஈழத் தமிழர் வீடுகளில் ஜெர்மானிய மருமக்களும் பேரப்பிள்ளைகளும் உண்டு. தரங்கம்பாடி மிஷனரிகளின் வரலாற்றைத் தோண்டுபவர்களும் கடைசியில் ஜெர்மனியிலுள்ள ஏதோ ஒரு கிராமத்து ஏட்டில்தான் போய் நிற்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. ஜெர்மனியில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் அந்தந்த ஊரில் எழுதப்பட்டு, அந்தந்த வட்டாரத்திலேயே பாதுகாக்கப்படுகின்றன. நாடு முழுமைக்கும் ஒரே தலைமைப் பதிவகம் கிடையாது.

## எந்தப் புதூர்? எந்த முருகன்?

‘புதூர் முருகன், விவசாயி’ என்ற ஒரே துப்பைக் கொடுத்து ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? எந்த மாவட்டத்துப் புதூர், தகப்பன் பெயர் என்ன என்றுதான் முதலில் கேட்பீர்கள். ஜெர்மன் தேடலிலும் அதே கேள்விதான். ‘நொய்டோர்ஃப்’ என்ற ஊர்ப்பெயருக்குப் புதூர் என்றே பொருள். ‘நொய்ஷ்டாட்’ என்றால் புதுநகர். இரண்டும் வரைபடத்தில் டஜன் கணக்கில் இருக்கின்றன.

குடும்பப்பெயரும் அப்படித்தான். மியுல்லர் என்றால் மாவாலைக்காரர், ஷ்மிட் என்றால் கொல்லர், ஷ்னைடர் என்றால் தையற்காரர். ஊருக்கு ஓர் ஆலை இருந்தது. அதனால் ஊருக்கு ஒரு மியுல்லர் குடும்பம் உருவானது. பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு மியுல்லர் குடும்பத்துக்கும் அதற்கும் இரத்த உறவு இருக்கவேண்டிய அவசியமே இல்லை. இப்படிப்பட்ட பெயரை வைத்துக்கொண்டு தேடுபொறியில் தட்டினால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருவார்கள், உங்கள் ஆள் யார் என்று மட்டும் தெரியாது.

மரபணுப் பரிசோதனை காட்டும் ‘இத்தனை சதவீதம் ஜெர்மானியர்’ என்ற எண், உங்கள் மரபணு எந்த மக்கள்கூட்டத்தோடு ஒத்துப்போகிறது என்ற மதிப்பீடு மட்டுமே. அதில் ஊர் இருக்காது. அதே பரிசோதனையில் கிடைக்கும் உறவினர் பட்டியல்தான் பயன்படும்: உங்களோடு மரபணுத் துண்டுகளைப் பகிரும் தூரத்து உறவினர் ஒருவருக்கு ஊர் தெரிந்திருக்கலாம்.

## அன்று ‘ஜெர்மனி’ என்று ஒரு நாடு இல்லை

ஜெர்மனி ஒரே அரசானது 1871இல். அதற்கு முன் இருந்த ஜெர்மன் கூட்டமைப்பில் 39 அரசுகள். ஆகவே பழைய ஆவணங்களில் பிறந்த நாடு என்ற இடத்தில் பிரஷ்யா, பவேரியா, வூர்ட்டம்பெர்க், ஹனோவர் என்று எழுதியிருக்கும். இது நல்ல துப்பு, ஆனால் வழுக்கும் துப்பு. ஹனோவர் என்பது தலைநகரத்தின் பெயரும்தான், முழு இராஜ்ஜியத்தின் பெயரும்தான். பாடன் என்றால் ஓர் அரசு. பாடன்-பாடன் என்ற நகரம் அல்ல. ஹெஸ்ஸ என்று இரண்டு அரசுகள் இருந்தன. ஹெஸ்ஸ-காஸல் ஆவணங்களுக்கு இன்று மார்பூர்க் காப்பகத்துக்கும், ஹெஸ்ஸ-டார்ம்ஷ்டாட் ஆவணங்களுக்கு டார்ம்ஷ்டாட் காப்பகத்துக்கும் போகவேண்டும்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே ஆளுக்கு 1860இல் ‘ஹனோவர்’ என்றும் 1870இல் ‘பிரஷ்யா’ என்றும் பதிவாகியிருப்பதைப் பார்த்து, இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று ஒதுக்கிவிடுவது பரவலான தவறு. 1866 போருக்குப் பின் ஹனோவர் இராஜ்ஜியத்தைப் பிரஷ்யா தன்னோடு சேர்த்துக்கொண்டது. அவர் இடம் மாறவில்லை, எல்லைதான் மாறியது.

1945க்குப் பின் இன்னொரு பெரிய மாற்றம். சிலேசியா, போமரேனியா ஆகியவற்றின் பெரும்பகுதியும் கிழக்கு பிரஷ்யாவும் போலந்துக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போயின. பிரெஸ்லாவ் இன்று வ்ரோட்ஸ்வாஃப், டான்சிக் இன்று க்தான்ஸ்க், கோனிக்ஸ்பெர்க் இன்று கலினின்கிராட். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு ஆசானாக இருந்த மிஷனரி ஷ்வார்ட்ஸ் 1726இல் பிறந்த ஊர் ஸோனன்பூர்க். அதை இன்றைய ஜெர்மன் வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. அது போலந்தில் ஸ்வோன்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது.

இதுவரை பார்த்ததில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: குடும்பப்பெயர் ஒன்றே போதாது, நாட்டின் பெயர் போதவே போதாது, கிராமத்தின் பெயரும், அது அன்று எந்த அரசில் இருந்தது, இன்று எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் வேண்டும்.

## ஊரைக் கண்டுபிடிக்கும் இடம் ஜெர்மனி அல்ல

புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக ஜெர்மன் காப்பகத்துக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ஊர் தெரியாமல் எழுதினால் ‘எந்த ஊர்?’ என்ற பதில்தான் வரும். ஊரின் பெயர் பெரும்பாலும் அவர் போய்ச் சேர்ந்த நாட்டின் ஆவணத்தில்தான் ஒளிந்திருக்கும்.

அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு முதலில் பார்க்கவேண்டியது, அங்கே ஜெர்மன் மொழியில் வழிபாடு நடத்திய தேவாலயங்களின் ஏடுகள். அரசு அலுவலர் ‘ஜெர்மனி’ என்று எழுதி முடித்த இடத்தில், அதே திருமணத்தை நடத்திவைத்த ஜெர்மன் போதகர் கிராமத்தின் பெயரையே எழுதியிருப்பார். அவருக்கு அந்த ஊர் தெரியும், எழுத்துக்கூட்டவும் தெரியும். அடுத்தது ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளில் வந்த மரண அறிவிப்புகள், கல்லறைக் கற்கள், குடியுரிமை விண்ணப்பங்கள். உங்கள் நேர் மூதாதையோடு நிறுத்தாமல், அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை, திருமணச் சாட்சிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருடைய பதிவையும் எடுங்கள். ஒரே கிராமத்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் ஒரே தெருவில் குடியேறுவது வழக்கம். உங்கள் ஆளின் பதிவில் இல்லாத ஊர், அவர் தங்கையின் கல்லறையில் இருக்கலாம்.

கப்பல் பட்டியல்களைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். ஹாம்பூர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் பயணியின் முந்தைய வசிப்பிடம் எழுதப்பட்டிருக்கும், ஆகவே அவை பொன். ஆனால் அது கடைசியாக வேலை பார்த்த ஊராகவும் இருக்கலாம். பிறந்த ஊர் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பிரேமன் கதை வேறு. அங்கே 1832இலேயே பட்டியல் எழுதத் தொடங்கினார்கள். இடம் போதவில்லை என்று பழையவற்றை அதிகாரிகளே அழித்தார்கள். மிச்சம் இரண்டாம் உலகப் போரில் போயிற்று. இன்று இருப்பவை 1920 முதல் 1939 வரையிலானவையே. பிரேமன் வழியாகப் போனவருக்கு, இறங்கிய துறைமுகத்தின் பட்டியல்தான் கதி.

பெயர் மாற்றக் கதையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நியூயார்க்கின் எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892இல். ஜெர்மானியர் வருகை உச்சத்தில் இருந்தது 1880களில். ஆகவே பெரும்பாலோர் அந்தத் தீவையே பார்த்ததில்லை. பார்த்தவர்களின் பெயரையும் அங்கிருந்த அதிகாரிகள் புதிதாக எழுதவில்லை; புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். ஷ்மிட் ஸ்மித் ஆனதும் மியுல்லர் மில்லர் ஆனதும் பிறகு மெல்ல மெல்ல, அந்தக் குடும்பங்கள் தாமே செய்துகொண்டவை. அதனால் பழைய பெயர், வந்து சேர்ந்த முதல் சில ஆண்டுகளின் ஆவணங்களில் அப்படியே இருக்கும்.

இலங்கைப் பறங்கியர் வழியில் தேடுபவர்களுக்கு ஒரு தனி வாசல் உண்டு. டச்சுக் கம்பெனி தன் கப்பல்களில் ஏறிய ஒவ்வொருவருக்கும் சம்பளக் கணக்கு ஏடு வைத்திருந்தது. பெயர், சொந்த ஊர், கப்பல், பதவி, பணி முடிந்த விதம் எல்லாம் அதில் இருக்கும். அந்த ஏடுகள் ஹேக் நகரில் டச்சு தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டுப் பதிவுகளை இணையத்தில் பெயர் கொடுத்துத் தேடலாம். எழுதியவர்கள் டச்சு எழுத்தர்கள், சொன்னவர்கள் ஜெர்மன் கிராமத்து இளைஞர்கள். காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள் என்பதால் ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள்.

## ஊர் கிடைத்ததும்: எந்தத் தேவாலயம், எந்த அலுவலகம்?

சிறு கிராமத்துக்குச் சொந்தத் தேவாலயம் இல்லாமலிருக்கலாம். அதன் மக்கள் பக்கத்துப் பெரிய ஊரின் ஏட்டில் இருப்பார்கள். ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட கிராமங்களின் தொகுதியைப் பங்கு என்போம். இதைத் தெரிந்துகொள்ள உதவுவது 1912–13இல் அச்சான ‘மையர்ஸ்’ ஊர் அகராதி. அன்றைய ஜெர்மன் பேரரசின் ஊர்களை, இன்று போலந்திலும் பிரான்சிலும் உள்ளவை உட்பட, சிற்றூர்வரை பட்டியலிடுகிறது. இணையத்தில் பழைய வரைபடத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. ஊரின் பதிவு அலுவலகம் எங்கே, சொந்தத் தேவாலயம் உண்டா, அது புராட்டஸ்டன்டா கத்தோலிக்கமா என்பதைச் சுருக்கக் குறிகளில் சொல்லும்.

மதப்பிரிவு முக்கியம். 1555 ஆக்ஸ்பூர்க் உடன்படிக்கைக்குப் பின் ஆட்சியாளரின் மதமே குடிகளின் மதம் என்றானதால், ஆற்றுக்கு இக்கரை லுத்தரன் (புராட்டஸ்டன்ட் பிரிவு), அக்கரை கத்தோலிக்கம் என்று இருந்த இடங்கள் ஏராளம். உங்கள் மூதாதை எந்தப் பிரிவு என்று தெரிந்தால், ஒரே பெயருள்ள ஐந்து ஊர்களில் இரண்டு மூன்றை அடித்துவிடலாம்.

## இரண்டு வகைப் பதிவுகள்

முதல் வகை அரசுப் பதிவு. இதை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு ஷ்டாண்டஸ்ஆம்ட் என்று பெயர். பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 முதலும், பேரரசு முழுவதும் 1876 ஜனவரி 1 முதலும் இது கட்டாயமானது. ரைன் நதியின் மேற்குக் கரையில் பிரெஞ்சு ஆட்சி நடந்ததால், அங்கே 1798இலிருந்தே அரசுப் பதிவு உண்டு. அந்தப் பகுதியில் மூதாதை இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

2009இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பிறப்புப் பதிவு 110 ஆண்டுகளும், திருமணப் பதிவு 80 ஆண்டுகளும், இறப்புப் பதிவு 30 ஆண்டுகளும் பதிவு அலுவலகத்திலேயே இருக்கும். அந்தக் காலத்துக்குள் சம்பந்தப்பட்டவர், அவருடைய வாழ்க்கைத்துணை, நேர்வழி முன்னோர், வழித்தோன்றல் போன்றோருக்கே நகல் தருவார்கள். உறவைக் காட்டும் சான்றுகளை இணைக்கவேண்டும். காலம் கடந்ததும் ஏடு நகர அல்லது வட்டாரக் காப்பகத்துக்குப் போகும், பிறகு எவரும் கேட்கலாம். கேட்கும்போது சுருக்கச் சான்றிதழ் வேண்டாம், ஏட்டுப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். பிறப்புப் பதிவின் ஓரத்தில், பிற்காலத்தில் நடந்த திருமணமும் இறப்பும் எந்த ஊரில், எந்த எண்ணில் பதிவாயின என்ற குறிப்பு இருக்கக்கூடும். சான்றிதழில் அது வராது.

இரண்டாம் வகை தேவாலயப் பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் போதகர் எழுதிவந்த ஏடு இது. அரசுப் பதிவுக்கு முந்தைய காலம் முழுவதும் இதை நம்பித்தான் நிற்கிறது. லுத்தரன் பகுதிகளில் சில ஊர்களில் 16ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியிருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு 1563இல் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் ஞானஸ்நான, திருமண ஏடுகளைக் கட்டாயமாக்கியது. நடைமுறையில் பல ஊர்களில் 1618–1648 முப்பதாண்டுப் போருக்குப் பிறகான ஏடுகள்தான் மிஞ்சியிருக்கின்றன.

இந்த ஏடுகளின் படங்களை இணையத்தில் பார்க்கலாம். புராட்டஸ்டன்ட் ஏடுகளுக்கு ‘ஆர்க்கியான்’ தளம், கட்டணம் உண்டு. கத்தோலிக்க ஏடுகளுக்கு ‘மாட்ரிகுலா’. இலவசம், பாஸாவ், மியூன்ஸ்டர், பாடர்போர்ன் மறைமாவட்டங்களின் ஏடுகள் அதில் இருக்கின்றன. ‘ஃபேமிலிசெர்ச்’ தளம் இரண்டு பிரிவு ஏடுகளையும் இலவசமாகத் தருகிறது, ஆனால் சில படங்களை அந்த அமைப்பின் மையத்துக்குப் போனால்தான் பார்க்க முடியும். ஆர்க்கியானிலும் மாட்ரிகுலாவிலும் பெரும்பாலும் பெயர் கொடுத்துத் தேட முடியாது. ஏட்டைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். ஊர் தெரியாமல் உள்ளே போனால் பயனில்லை என்பது இதனால்தான்.

சுருக்கமாக: 1876க்குப் பின் என்றால் பதிவு அலுவலகம் அல்லது நகரக் காப்பகம், அதற்கு முன் என்றால் அந்தப் பங்கின் தேவாலய ஏடு.

## ஒரு பக்கத்தை அருகில் வைத்துப் பார்ப்போம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஞானஸ்நான ஏடு ஒன்றைத் திறந்தால் கட்டம் போட்ட பக்கம் வரும். இடமிருந்து வலமாக வரிசை எண், குழந்தையின் பெயர், பிறந்த நாள் (சிலவற்றில் மணியும்கூட), ஞானஸ்நானம் பெற்ற நாள், தகப்பன் பெயரும் தொழிலும், தாயின் பெயரும் பிறந்தகத்துப் பெயரும், ஞானப் பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்), கடைசியில் குறிப்பு. தாயின் பெயருக்கு அடுத்து ‘கெபோரன’ என்ற சொல்லின் சுருக்கம் இருக்கும். ‘பிறப்பில் இன்ன குடும்பத்தவள்’ என்று பொருள். அதற்கு அடுத்த சொல்தான் உங்களுக்கு ஒரு புதிய குடும்பத்தைத் திறந்துவிடும்.

ஞானப் பெற்றோர் கட்டத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு. ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறப்புகள், அல்லது அவர்களுடைய துணைகள். குழந்தைக்கு அவர்கள் பெயரையே வைப்பதும் உண்டு. அவர்கள் வேறு ஊர்க்காரர்கள் என்றால் ஊரும் எழுதியிருக்கும். தாயின் பிறந்த ஊர் தெரியாமல் முட்டி நிற்கும்போது இந்தக் கட்டம் வழி காட்டும்.

அடக்க ஏட்டில் வயதை ஆண்டு, மாதம், நாள் கணக்கில் எழுதுவார்கள். 1861 மார்ச் 20 அன்று இறந்தவருக்கு வயது 67 ஆண்டு, 4 மாதம், 12 நாள் என்றால், கழித்துப் பார்த்தால் 1793 நவம்பர் 8. போதகரின் கணக்கு ஓரிரு நாள் பிசகலாம். ஞானஸ்நான ஏட்டில் நவம்பர் முதல் வாரத்திலிருந்து மாதக் கடைசிவரை பாருங்கள்.

எழுத்து அடுத்த சிக்கல். பழைய ஜெர்மன் கையெழுத்தை எல்லோரும் ‘ஸ்யூட்டர்லின்’ என்கிறார்கள். ஸ்யூட்டர்லின் 1911இல் உருவாக்கப்பட்டு, 1915இலிருந்து பிரஷ்யப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்டது. 1941இல் கைவிடப்பட்டது. 1750 அல்லது 1850 ஏட்டில் இருப்பது ‘குர்ரென்ட்’. பல நூற்றாண்டுகள் புழங்கிய சாய்வெழுத்து. அதில் ஆங்கில ‘ஈ’ எழுத்து, இரண்டு சிறு கோடுகளாக, நாம் பழகிய ‘என்’ போல இருக்கும். ‘என்’ எழுத்தும் ‘யூ’ எழுத்தும் ஒரே உருவம். ‘யூ’வின் தலையில் மட்டும் ஒரு வளைவு. ‘எச்’ மேலேயும் கீழேயும் சுழித்து ஓடும். ‘எம்’ அல்லது ‘என்’ மேல் ஒரு கோடு போட்டிருந்தால் அந்த எழுத்து இரட்டிக்கிறது.

பழக நல்ல வழி, அந்தப் போதகரின் கையெழுத்துக்கே ஓர் அகரவரிசை தயாரிப்பதுதான். மாதப் பெயர்கள், ‘அன்னா’, ‘யோஹான்’, ‘மரியா’ போன்ற, என்ன என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த சொற்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்து ஒரு தாளில் வரிசையாக வரைந்துகொள்ளுங்கள். தெரியாத சொல்லை அதோடு ஒப்பிடுங்கள். போதகர் மாறினால் தாளும் மாறும்.

## புதியவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

தேதி முதலாவது. ‘7பர்’ என்று எழுதியிருந்தால் ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் ‘செப்டெம்’ என்றால் ஏழு. அதேபோல ‘8பர்’ அக்டோபர், ‘9பர்’ நவம்பர், ரோமன் பத்து போட்டிருந்தால் டிசம்பர். புராட்டஸ்டன்ட் பகுதிகளில் நாட்காட்டி மாறியதால் 1700 பிப்ரவரி 18க்கு மறுநாள் மார்ச் 1 ஆனது. இடையிலுள்ள நாட்களில் எவரும் பிறக்கவில்லையே என்று குழம்பவேண்டாம். ரைனின் மேற்குக் கரையில் 1805 கடைசிவரை பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டி; ‘ஆண்டு 8’ என்றெல்லாம் வரும், மாற்றட்டவணையை வைத்துக்கொள்ளவேண்டும்.

பெயர் இரண்டாவது. ஒரே வீட்டில் யோஹான் ஹைன்ரிஷ், யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர் என்று மூன்று மகன்கள் இருப்பார்கள். மூவரையும் அழைத்தது இரண்டாவது பெயரால். அமெரிக்காவில் ஹென்றி என்று வாழ்ந்தவரை ஜெர்மன் ஏட்டில் ஹைன்ரிஷ் என்று மட்டும் தேடி, யோஹான் ஹைன்ரிஷைத் தாண்டிப் போய்விடுவது நடக்கிறது. பெண்களின் குடும்பப்பெயருக்கு ‘இன்’ விகுதி சேரும்: மியுல்லர் வீட்டுப் பெண் மியுல்லரின். கத்தோலிக்க ஏட்டில் எல்லாம் லத்தீன்: வில்ஹெல்ம் அங்கே குயிலியெல்முஸ்.

தகப்பன் பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு, வடமேற்கு மூலையிலுள்ள கிழக்கு ஃப்ரீஸ்லாந்து எளிதில் புரியும். அங்கே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை தகப்பனின் பெயரே பிள்ளைக்கு இரண்டாவது பெயர், தலைமுறைதோறும் மாறும். 1811இல் நெப்போலியனின் ஆணைதான் நிலையான குடும்பப்பெயரைக் கொண்டுவந்தது. வெஸ்ட்ஃபாலியாவில் வேறு வழக்கம்: பெயர் பண்ணையோடு ஒட்டியது. பண்ணைக்கு வாரிசான பெண்ணை மணந்து வீட்டோடு வந்த மாப்பிள்ளை அந்தப் பண்ணையின் பெயரை ஏற்றான். ஏட்டில் ‘கெனன்ட்’, அதாவது ‘என அழைக்கப்படும்’ என்ற சொல் இரண்டு பெயர்களுக்கு நடுவில் நிற்கும். தகப்பனுக்கு ஒரு குடும்பப்பெயர், மகனுக்கு வேறு என்றிருந்தால் தவறு என்று தள்ளிவிடாமல் இந்தச் சொல்லைத் தேடுங்கள்.

யூதக் குடும்பங்கள் பலவற்றுக்கு நிலையான குடும்பப்பெயர் சட்டத்தால் வந்தது: பாடனில் 1809, பிரஷ்யாவில் 1812, பவேரியாவில் 1813. அதற்கு முன் தகப்பன் பெயரோடுதான் தேடவேண்டும்.

## எரிந்தவையும் எரியாதவையும்

போரில் இழப்பு உண்மை, ஆனால் இழப்புக்கும் முகவரி உண்டு. 1945 ஏப்ரலில் போட்ஸ்டாமில் இராணுவக் காப்பகம் எரிந்ததால் பிரஷ்ய வீரர்களின் தனிக்கோப்புகள் பெரும்பாலும் இல்லை. பவேரிய வீரர்களுடையவை மியூனிக்கில் இருக்கின்றன. கிராமத் தேவாலய ஏடுகளில் மிகப் பல பத்திரமாகவே இருக்கின்றன. சில பகுதிகளில் ஏட்டின் இரண்டாம் பிரதியை ஆண்டுதோறும் அரசுக்கு அனுப்பவேண்டும் என்று விதி இருந்ததால், மூலம் போனாலும் பிரதி கிடைக்கும். கிழக்குப் பகுதிகளின் ஏடுகளில் சில போலந்து அரசுக் காப்பகங்களில் இருக்கின்றன. வேறு சில பெர்லினுக்கு வந்துவிட்டன. இரண்டு இடத்திலும் கேட்கவேண்டும்.

சில வீடுகளின் பரணில் ‘ஆனன்பாஸ்’ என்ற சிறு புத்தகம் கிடைக்கும். நாஜி ஆட்சியில், தான் ‘ஆரியர்’ என்று நிரூபிக்க மக்கள் நிரப்பிய வம்சாவளிப் புத்தகம் அது. அதே விசாரணைதான் யூதர்களை வேலையிலிருந்தும் நாட்டிலிருந்தும் உயிரிலிருந்தும் விலக்கப் பயன்பட்டது. அதிலுள்ள தேதிகளுக்குத் தேவாலய ஏடுகளே ஆதாரம் என்பதால் தேடலுக்கு உதவும். எதற்காக எழுதப்பட்டது என்பதையும் உங்கள் குறிப்பில் சேர்த்தே எழுதிவையுங்கள். நாஜிக்களால் துரத்தப்பட்டவர்கள், கொல்லப்பட்டவர்களைத் தேடுபவர்களுக்குப் பாட் ஆரோல்சன் நகரிலுள்ள ஆரோல்சன் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது.

## சக தேடுநர்களிடம் துப்பு கேட்பதும் கொடுப்பதும்

ஜெர்மன் வம்சாவளித் தேடல் தனியாளாக முடிகிற வேலை அல்ல. உள்ளூர்ச் சங்கங்கள், ஒரு கிராமத்தின் அத்தனை குடும்பங்களையும் ஏட்டிலிருந்து தொகுத்து ‘ஓர்ட்ஸ்ஃபமீலியன்பூக்’, அதாவது ஊர்க் குடும்ப நூல் வெளியிட்டிருக்கின்றன. 1989இல் தொடங்கிய ‘காம்ப்ஜென்’ சங்கம் அவற்றில் பலவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. முதல் உலகப் போரின் ஜெர்மன் இழப்புப் பட்டியல்களையும் அதன் தன்னார்வலர்கள் பெயர்வாரியாக ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் வீரரின் ஊரும் இருப்பதால் ஒரு நல்ல உத்தி கிடைக்கிறது: உங்கள் குடும்பப்பெயர் அரிதானது என்றால், அதைப் போட்டுத் தேடி எந்த வட்டாரத்தில் குவிகிறது என்று பாருங்கள். தேடவேண்டிய பரப்பு சட்டென்று சுருங்கும்.

ஆனால் மனிதர்களிடம் கேட்கும் விதத்தில்தான் பலர் தோற்கிறார்கள். ‘மையர் குடும்பம், ஜெர்மனி, யாருக்காவது தெரியுமா?’ என்ற கேள்விக்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள் (மாதிரிக்காக அமைத்தது):

‘யோஹான் ஹைன்ரிஷ் மையர், பிறப்பு 1834 வாக்கில், லுத்தரன். 1857இல் பிரேமனிலிருந்து புறப்பட்டார். 1863இல் சின்சினாட்டியில் திருமணம்; தேவாலய ஏட்டில் சொந்த இடம் “ஓஸ்னாப்ரியூக் அருகே” என்று இருக்கிறது, அடுத்த சொல் படிக்க முடியவில்லை, முழுப் பக்கத்தின் படம் இணைப்பில். சாட்சி அவருடைய அக்கா கணவர். 1860, 1870 கணக்கெடுப்புகளைப் பார்த்துவிட்டேன். பால்டிமோர் வருகைப் பட்டியலில் கிடைக்கவில்லை. என் கேள்வி: படத்தில் ஆறாவது வரியிலுள்ள ஊர்ப்பெயர் என்ன?’

யார், எப்போது, எங்கே, என்ன மதம், எதைப் பார்த்தாயிற்று, எது கிடைக்கவில்லை, கேள்வி என்ன என்று எல்லாம் இதில் இருக்கின்றன. கேள்வி ஒன்றே ஒன்று. படத்தை வெட்டி ஒரு சொல்லை மட்டும் அனுப்பாததையும் கவனியுங்கள். படித்துச் சொல்பவர், அதே கை எழுதிய மற்ற எழுத்துகளைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லைப் பிரிப்பார். முழுப் பக்கம், ஏட்டின் பெயர், ஆண்டு, பக்க எண், பதிவு எண் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள்.

கிடைக்கும் துப்பை அப்படியே உங்கள் வம்சாவளி மரத்தில் ஏற்றவும் கூடாது. இணையத்தில் பத்து மரங்களில் ஒரே பெற்றோர் பெயர் இருந்தால் அது பத்து ஆதாரம் அல்ல. ஒருவர் ஊகித்ததை ஒன்பது பேர் நகலெடுத்திருக்கலாம். மரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் பயன்படும் பொதுக் கோப்பு வடிவத்துக்கு கெட்காம் என்று பெயர். அதை அப்படியே இறக்கி இணைத்தால் மற்றவரின் பிழைகளும் மொத்தமாக உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். ஆளாளாக, மூல ஏட்டைப் பார்த்துச் சேர்ப்பதே சரி. உறுதியாகாததை ‘ஊகம், காரணம் இது’ என்று எழுதியே பகிருங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, திருமண விவரங்களைப் பகிரவே கூடாது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைக் காக்கிறது. மேலே சொன்ன 110, 80, 30 ஆண்டு எல்லைகளை உங்கள் மரத்துக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். காப்பகத் தளங்களின் படங்களை வெளியிட அந்தந்தத் தளத்தின் விதியைப் பாருங்கள்; பதிவை உங்கள் சொல்லில் எடுத்தெழுதி, ஏட்டின் விவரத்தோடு கொடுப்பது சிக்கலில்லாத வழி.

கிடைக்காததையும் பகிருங்கள். ‘இந்தப் பங்கின் ஞானஸ்நான ஏட்டில் 1825 முதல் 1840 வரை பார்த்தேன், இந்தப் பெயர் இல்லை’ என்ற ஒரு வரி, அடுத்தவருக்குப் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். எழுத்தைப் படித்துக்கொடுத்தவருக்கு, அந்த ஊரின் ஏட்டில் பிறகு கிடைத்த பதிவின் விவரத்தையும் அனுப்பிவையுங்கள். அவர் பெரும்பாலும் அதே வட்டாரத்தில் தேடிக்கொண்டிருப்பவர். உங்கள் மையரின் ஞானத்தாய் அவருடைய கொள்ளுப்பாட்டியாக இருக்கக்கூடும்.